நெஸ்போலாவைப் பார்த்துக்கொண்ட எட்டு நாள்

காலையில் பால் விடாத ஒரு கோப்பை பிளேன்ரீ குடிக்காமல் நான் எந்தக் காரியத்தையும் தொடங்குவதில்லை. இன்றும் குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மகள் சாரங்கா வேலைக்குப் போய்விட்டாள். வீடு துப்புரவாக இருக்கிறது. கீழே தெருவில் மரக்கறி விற்கிறவர்கள் கூவுகிறார்கள். ஜன்னலைச் சாத்தினால் அதுவும் கேட்காது.

டொக்டர் யுவஸ்ரீ, போன கிழமை நீங்கள் எங்கள் படிக்கட்டில் நின்று என்னிடம் ஒரு உதவி கேட்டீர்கள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா சாரங்கா கேப்பா அங்கிள். அது அவ தப்பு இல்லைன்னு நீங்களாவது சொல்லுங்க" என்றீர்கள். நான் தலையாட்டினேன். நீங்கள் நாமக்கல்லில் மிருக வைத்தியம் படித்து, ஆராய்ச்சிக்காக இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்து, கிழமையில் இரண்டு நாள் மிருக வைத்தியசாலையிலும் நிற்கிறவர். அங்கே எத்தனையோ பிராணிகள் வந்து போகும். செத்துப்போன ஒரு பச்சோந்திக்காக நீங்கள் மூன்றாம் மாடி ஏறி வந்தீர்கள். அப்படி வந்தவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

வன்னியில் இருந்த காலத்தில் நான் நீதிமன்றம் ஒன்றில் எழுதுவினைஞர். மற்றவர்கள் சொல்லும் வாக்குமூலங்களை எழுதி எடுப்பது என் வேலை. நல்ல வாக்குமூலத்தில் அழுகை இருக்காது. யார், எப்போது, எதை, எதனால் என்பது இருக்கும். பிழையாக ஒன்றை எழுதிவிட்டால் அதன் மேல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் திருத்தம் எழுத வேண்டும். சுரண்டி அழிக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த முறை அதுதான்.

என் பெயர் விமலராஜ். வயது ஐம்பத்து நாலு. ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் குசினியில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். எட்டுக் கால் பேய்க்கணவாய் துப்புரவாக்குவது என் பொறுப்பு. தலையை உறை மாதிரி உள்வெளியாகப் புரட்டி, குடலைப் பிடுங்கி, கண்ணிரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, அதே கையைக் கழுவிப் பாண் சாப்பிடுவேன். நான் லேசில் அருவருக்கிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். செத்ததைக் கண்டு எனக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. வன்னியிலிருந்து கடைசியில் வெளியே வந்தவனுக்கு அது வரவும் வராது.

அந்தப் பச்சோந்தி என் வீட்டுக்கு வந்தது இரண்டரை வருடத்துக்கு முன். என் மனைவி வதனி லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு வயதான இத்தாலிய சிஞ்ஞோராவைப் பராமரிக்கிறாள். இருப்பதும் படுப்பதும் அங்கேயே. வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வீட்டுக்கு வருவாள். அந்த சிஞ்ஞோராவின் பேரன் ஆசைப்பட்டு வாங்கி, மூன்று மாதத்தில் அலுத்துப்போன சாமான் அது. எங்காவது கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறார்கள். தாய்க்கு உதவப் போன சாரங்கா கூட்டைத் துவாயால் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. சந்தையெல்லாம் நெஸ்போலாப் பழம் குவிந்திருந்த காலம். அந்தப் பழத்தின் மஞ்சள் இதன் விலாவிலும் இருக்கிறது என்று சொல்லி நெஸ்போலா என்று பெயர் வைத்தாள். பெண் என்றும் சொன்னாள். ஓணானில் ஆணென்ன பெண்ணென்ன என்று நான் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் சமைப்பது, சாப்பிடுவது, உட்காருவது எல்லாம் ஒரே அறையில். என் கதிரைக்கு நேர் எதிரே கூடு வந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் அந்தக் கண்கள். கண் என்று சொல்ல முடியாது. தோல் மூடிய இரண்டு கூம்பு, நடுவில் ஊசித் துவாரம். ஒன்று சுவரைப் பார்க்கும்போது மற்றது என் சோற்றுக் கோப்பையைப் பார்க்கும். பிறகு அதன் கை. விரல்கள் இரண்டாகவும் மூன்றாகவும் ஒட்டிப்போய், வெந்து ஒட்டிய கை மாதிரி. அப்படியான கைகளை நான் ஆஸ்பத்திரிகளில் பார்த்திருக்கிறேன். அதற்குத் தீனியாகச் சில்வண்டுகளை ஒரு பெட்டியில் வளர்த்தாள். அவை இரவு பகலாகக் கத்தும். இரண்டு மூன்று தப்பி அரிசி வாளிக்குள் போய்விட்டன. கழுவும்போது மிதந்து வந்தன. நாக்கு நீண்டு வந்து ஈரமாக ஒட்டி இழுக்கும் அந்தச் சத்தத்தையும், பிறகு மெல்லும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டுதான் நான் கறி பிசைந்தேன். தோல் கழற்றும் நாட்களில் வெள்ளைக் கடதாசித் துண்டுகள் மாதிரி அதன் உடம்பில் தொங்கும். சாரங்கா அதை விரலால் தொட்டுத் தொட்டு எடுப்பாள். அந்த விரலால் எனக்கு அப்பளமும் எடுத்து வைப்பாள்.

"கையைக் கழுவிப்போட்டு வா."

"கழுவினனான் அப்பா."

"இன்னொருக்காக் கழுவு."

கழுவுவாள். சொல் கேட்கிற பிள்ளை. அதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

முட்டை விஷயம் முதல் வருடமே தொடங்கியது. ஆண் இல்லாமலே இது முட்டை உண்டாக்கும், அதற்குள் ஒன்றும் இருக்காது, ஆனாலும் இட்டேயாக வேண்டும் என்று சாரங்கா விளக்கினாள். எனக்கு உடம்பு கூசியது. வயிறு வீங்கி, மெல்லிய தோல் பைக்குள் கடலையை நிரப்பிக் கட்டியதைப் போல இரண்டு பக்கமும் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. அது நடக்கும்போது அந்த உருண்டைகளும் நகர்ந்தன. நான் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்று சாப்பிட்டேன்.

அந்த முறை அது இடாமல் கஷ்டப்பட்டதும், சாரங்கா உங்களிடம் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததும், நீங்கள் கல்சியம் ஊசி போட்டதும் உங்களுக்குத் தெரியும். உங்கள் பழக்கம் ஏற்பட்டதே அப்படித்தான். ஒரு ஆழமான வாளியில் ஈர மணல் வைக்கச் சொன்னீர்கள். கூட்டைச் சுற்றிப் படுக்கைத் துணி தொங்கவிடச் சொன்னீர்கள். அவள் வீட்டுக்கு வந்து எனக்குப் பாடம் நடத்தினாள்.

"அப்பா, வடிவாக் கேளுங்கோ. அவள் கிடங்கு தோண்டேக்கை ஆரும் பாக்கக் கூடாது. ஆரோ பாக்கினம் எண்டு தெரிஞ்சாலே விட்டிட்டுப் போயிடுவாள்."

"பாத்தா என்ன? நாங்கள் என்ன கடிக்கவோ போறம்?"

"அது அவளுக்குத் தெரியுமே? முட்டைக்கு ஆபத்தெண்டு அடக்கிப்போடுவாள். திருப்பித் திருப்பி அப்பிடி நடந்தா முட்டை உள்ளுக்கையே நிண்டு செத்துப்போவாள்."

இந்தத் தகவலை எனக்குத் தந்தது அவள்தான். நானாகத் தேடிப் போகவில்லை.

அந்தத் தடவை நாற்பத்து மூன்று முட்டை இட்டது. மணலைக் கிளறி ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். வெள்ளையாக, ஈரமாக, தொட்டால் அமுங்குகிற முட்டைகள். ஒன்றையும் எறியாமல் ஒரு கொப்பியில் நிறையும் நீளமும் எழுதினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பெற்றவன் நான் பக்கத்தில் நிற்கிறேன். அந்தச் சிரிப்பை என்னைப் பார்த்து அவள் சிரித்து எத்தனையோ வருடமாகிறது.

மிருக வைத்தியம் படிக்க மெசினாவில் இடம் கிடைத்தது அந்தக் கொப்பியால் வந்த வினை என்றுதான் சொல்வேன். நீங்கள்தான் விண்ணப்பம் எழுத உதவினீர்கள். அதில் எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. போன செப்டெம்பர், படிப்புத் தொடங்குமுன் எட்டு நாள் ஆயத்த வகுப்பு இருந்தது. நெஸ்போலாவின் வயிற்றில் அப்போது இரண்டாம் முறை முட்டை. சாப்பிடுவதை நிறுத்திக் கூட்டுக்குள் மேலும் கீழும் அலையத் தொடங்கியிருந்தது. எனக்கு அந்தக் கிழமை வேலை இல்லை. சாரங்காவுக்குப் போக மனம் இல்லை. நான்தான் போகச் சொன்னேன்.

"நான் இருக்கிறன்தானே. போயிட்டு வா பிள்ளை."

"பாத்துக்கொள்ளுவியளோ அப்பா?"

"பாத்துக்கொள்ளுறன்."

விடியற்காலை பஸ். அவசரத்திலும் வாளி மணலுக்குத் தண்ணீர் தெளித்து, கையால் அமத்தி, விரலை விட்டுத் தோண்டிப் பார்த்து, இடியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, துணியை நாலு பக்கமும் இறக்கிவிட்டு, அந்த ஈரக் கையோடேயே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் கதவடியில் நின்று பார்த்தேன். மணலை அவள் நனைத்தாள். இதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

முதல் நாள் மத்தியானம் சுரண்டும் சத்தம் கேட்டது. வாளியின் பிளாஸ்டிக்கில் நகம் படுகிற சத்தம். நான் கையில் சோற்றுக் கோப்பையோடு இருந்தேன். எழுந்து போய்த் துணியைத் தூக்கினேன்.

அது தலைகீழாகக் கிடங்குக்குள் பாதி உடம்பை விட்டிருந்தது. பின்னங்காலால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தது. வாலடி துடித்தது. எனக்கு ஓங்காளம் வந்தது. ஆனால் துணியை விடவில்லை. சிறிது நேரத்தில் அதற்கு ஏதோ தெரிந்துவிட்டது. மெல்லத் திரும்பி வெளியே வந்தது. தலையெல்லாம் ஈர மணல். ஒரு கண் என் மேல் நின்றது. பிறகு கிடங்கை விட்டுவிட்டுக் கொப்பில் ஏறி, இலைக்குப் பின்னால் போய் இருந்தது.

அவ்வளவு எளிது என்று நான் நினைக்கவில்லை.

துணியை மடித்துக் கூட்டின் மேல் போட்டேன். கதிரையை இழுத்துவந்து முன்னால் வைத்தேன். அங்கிருந்தே சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கியது.

அடுத்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் எழுந்து போனால் அது இறங்கிவரும். வாளியின் இன்னொரு மூலையில் தோண்டத் தொடங்கும். இரண்டு விரல் ஆழம் வந்ததும் நான் வந்து உட்காருவேன். அது நிறுத்தும். அடிக்கவில்லை. தடியால் குத்தவில்லை. தண்ணீர் வேளாவேளைக்குத் தெளித்தேன். இலையில் ஒட்டிய துளிகளை அது குடிக்கவும் செய்தது. நான் செய்தது பார்த்தது மட்டும்தான். பார்ப்பதற்கு எந்த நாட்டிலும் தண்டனை கிடையாது.

சாரங்கா நாளுக்கு இரண்டு தரம் வாட்ஸ்அப்பில் எடுத்தாள்.

"அப்பா, தோண்டத் தொடங்கிட்டாளோ?"

"சுரண்டுற சத்தம் கேக்குது பிள்ளை."

"அல்லோறா, அப்பிடியெண்டா பாக்காதேங்கோ என்ன. ஒரேயொரு படம்... இல்லை, வேண்டாம், விடுங்கோ. துணியைத் தூக்க வேண்டாம்."

"பாக்கக் கூடாதெண்டு நீதானே சொன்னனீ. நான் அந்தப் பக்கமே போகேல்லை."

அப்போது நான் கதிரையில்தான் இருந்தேன். அது மணலில் இருந்தது. எங்களுக்கிடையில் ஒரு முழத் தூரம்.

இங்கே ஒரு திருத்தம். அந்தக் கிழமை எனக்கு வேலை இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. செப்டெம்பரில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் எந்தக் கடையிலும் வேலை இல்லாமல் இருக்காது. முதலாளியிடம் முதுகு நோ என்று சொல்லி எட்டு நாள் லீவு கேட்டவன் நான்தான். கேட்டது சாரங்கா பஸ் ரிக்கெற் எடுத்த அன்றே.

நாலாம் நாள் வியாழன். பின்னேரம் வதனி வந்தாள். எனக்கு நாள் மறந்துபோயிருந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்தவள், என்னையும் கதிரையையும் மடித்துப் போட்ட துணியையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

"பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"பிள்ளை பாக்கக் கூடாதெண்டெல்லோ சொன்னவள்."

"அதுக்குச் சுகமில்லாத மாதிரிக் கிடக்கு. அதுதான் காவல் இருக்கிறன்."

அவள் கிட்ட வந்து குனிந்தாள். அது மணலில் முகத்தை வைத்தபடி கிடந்தது. பச்சை நிறம் போய்க் கறுத்திருந்தது. வதனி துணியை எடுத்து உதறி, நாலு பக்கமும் இறக்கி, நுனிகளை இழுத்துச் சரிசெய்தாள். கொஞ்ச நேரம் துணியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவளுக்குச் சொல்லட்டே?"

"வகுப்பிலை இருக்கிற பிள்ளையை ஏன் குழப்புறீர்? நீர் போம், பஸ் போயிடும்."

"எனக்கு முன்னாலை சொல்லுங்கோ, இதைத் தூக்க மாட்டன் எண்டு."

"தூக்க மாட்டன்."

ஆறு மணிக்குள் சிஞ்ஞோராவிடம் நிற்க வேண்டும்; அந்த ஞாயிறு அவளுக்கு லீவும் இல்லை. போனாள். கீழே வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து துணியைத் தூக்கினேன். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அது மறுபடி தோண்டத் தொடங்கியிருந்தது. அதன் பிடிவாதம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அருவருப்பு.

ஆறாம் நாளிலிருந்து அது தோண்டவில்லை. கூட்டின் அடியில் வந்து கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வயிறு பக்கவாட்டில் புடைத்து, விலா எலும்புக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது. கண் கூம்புகள் உள்ளே போய்விட்டன. பகல் வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் கடைசிக் கட்டம் என்று சாரங்காவின் கொப்பியில் எழுதியிருந்தது. எனக்கு இத்தாலியன் அவ்வளவாக வாசிக்க வராது. அந்த வரியை மட்டும் எழுத்துக் கூட்டி வாசித்து வைத்திருந்தேன்.

ஏழாம் நாள் சாரங்காவின் குரல் மாறியிருந்தது.

"இன்னும் இல்லையோ? அப்பா, நான் வாறன். வகுப்பை விட்டிட்டு இண்டைக்கே வாறன்."

"என்னத்துக்கு? துணி நுனியாலை லேசாப் பாத்தன், மணல் மூடிக் கிடக்கு. இட்டு முடிச்சு மூடிட்டாள் போலை."

"உண்மையாவோ?"

"எனக்கென்ன பிள்ளை தெரியும். மூடிக் கிடக்கிற மாதிரிக் கிடக்கு."

மறுமுனையில் அழுதாள், சந்தோஷத்தில். பக்கத்தில் யாரோ பெட்டைகள் கைதட்டியதும் கேட்டது. அவர்களுக்கெல்லாம் நெஸ்போலாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

எட்டாம் நாள் காலை, சிரொக்கோ வீசத் தொடங்கியிருந்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் உடுப்பு அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். வாளி மணலைப் பெரிய தட்டங்களில் கொட்டி பல்கனியில் பரப்பினேன். கையில் எடுத்தால் விரலிடுக்கால் ஓடுகிற அளவுக்குக் காய்ந்தது. திரும்ப வாளியில் நிரப்பினேன். துணியை இறக்கினேன். கதிரையை மேசைக்குக் கொண்டுபோய் வைத்தேன். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன்.

அன்று பின்னேரம் வந்த சாரங்கா பையைக் கூடக் கழற்றாமல் கூட்டுக்குப் போனாள். துணியைத் தூக்கினாள். அதை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கையை எடுத்து வாளிக்குள் விட்டுக் கிண்டினாள். மணல் விரலால் ஓடியது.

"இது காய்ஞ்சு கிடக்கு. அப்பா, மணல் காய்ஞ்சு கிடக்கு. தோண்டத் தோண்ட இடிஞ்சு விழுந்திருக்கும்."

நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்.

"நீ போகேக்கை நனைச்சனீயோ பிள்ளை?"

"நனைச்சனான்." என்னைப் பார்த்தாள். பிறகு வாளியைப் பார்த்தாள். "நனைச்சனான்... இல்லை. நனைச்சனானோ? பஸ்ஸுக்கு நேரம் போட்டுது. எனக்கு ஞாபகம் வருதில்லை அப்பா."

என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. மௌனத்தைப் பொய் என்று எந்த நீதிமன்றமும் எழுதாது.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். அரை உயிராக உங்களிடம் கொண்டுவந்தோம், வெட்டித் திறந்தீர்கள். மேசையிலேயே போய்விட்டது. தட்டத்தில் ஐம்பத்தேழு முட்டை வரிசையாக வைத்திருந்தீர்கள். சில ஒன்றோடொன்று ஒட்டி மஞ்சளாகியிருந்தன. அந்த அறையின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சாரங்கா சுவரோரம் நிலத்தில் இருந்தாள். நீங்கள் அதன் விரல்களை விரித்து வெளிச்சத்தில் பார்த்தீர்கள். நகத்துக்குள் மணல் களி மாதிரி இறுகியிருந்தது. தலைக் கொண்டையின் மடிப்பிலும் அப்படியே. ஈர மணலில் மட்டும்தான் அப்படி ஒட்டும். அதை நீங்கள் அந்த இடத்தில் அவளிடம் சொல்லவில்லை. என்னை வெளியே அழைத்துப்போய்க் கேட்டீர்கள்.

"அங்கிள், அது தோண்டியிருக்கு. நல்லா தோண்டியிருக்கு. நடுவுல யாராச்சும் தொந்தரவு பண்ணீங்களா?"

"இல்லை" என்றேன்.

நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். என்னை அப்படி யாரும் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது திருத்தம். இதுவரை எழுதியதை வாசித்துப் பார்த்தேன். அருவருப்பினால் செய்தேன் என்று தோன்றும்படி எழுதியிருக்கிறேன். அருவருப்பு உண்மை. ஆனால் அதுவே காரணம் என்று விட்டால் வாக்குமூலம் பிழையாகிவிடும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் குசினிப் பக்கம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் படுத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். மெசினாவில் யாருடன் தங்குவாய், என்ன சாப்பிடுவாய் என்று வதனி கேட்டாள். சாரங்கா சிரித்தபடி சொன்னாள்:

"அது பிரச்சினை இல்லை அம்மா. அங்கை எண்டா ஒரு கதவைப் பூட்டிப்போட்டு இருக்கலாம்."

அவளுக்குப் பதினைந்து வயதில் அவள் அறைக் கதவின் தாழ்ப்பாளை நான் கழற்றினேன். வெளிநாடு, வயசுப் பிள்ளை, கையில் போன். கதவு ஒருபோதும் முழுதாகச் சாத்தக் கூடாது என்பது வீட்டு ஒழுங்கு. என் கதிரையிலிருந்து பார்த்தால் அவள் மேசையும் புத்தகமும் அவள் முதுகும் தெரியும். போனில் யாருடன் கதைக்கிறாள், எப்போது முகம் மாறுகிறது என்று தெரியும். பள்ளிக்கூடம் விட்டு எத்தனை மணிக்கு எந்தத் தெருவால் வருகிறாள் என்று தெரியும். தகப்பன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? நான் ஒருநாளும் அவளை அடித்ததில்லை. குரலை உயர்த்தியதில்லை. பார்ப்பேன், அவ்வளவுதான். பார்த்தால் அவள் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிடுவாள்.

ஆகவே துணிக்குப் பின்னால் அந்தப் பிராணி என்ன செய்கிறது என்று எனக்கு நன்றாக விளங்கியது. என் வீட்டில் இருந்துகொண்டு, என் கண் படாத ஒரு இடம் தேடியது. என் மகளும் அதையே தேடினாள். அதற்கு முடிந்தால் அவளுக்கும் முடியும் என்று அவள் நம்பினாள். முடியாது என்று காட்ட வேண்டியிருந்தது.

இப்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மெசினாவுக்கு வரவில்லை என்று அவளே எழுதிப்போட்டாள். "என்ரை கையிலை ஒரு உயிரைத் தந்தா நான் சாகக் குடுத்திடுவன் அப்பா" என்று சொன்னாள். நான் தலையைத் தடவிவிட்டேன். தாய் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வயதான அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். அங்கேயும் மருந்து கொடுக்கும்போது நாலு தரம் சரிபார்த்துவிட்டு, பிறகும் சந்தேகப்பட்டு எனக்கு போன் எடுத்துக் கேட்கிறாள். ஏழு மணிக்கு வீட்டில் நிற்பாள். எனக்கு எதிரே இருந்து சாப்பிடுகிறாள். அதிகம் சாப்பிடுவதில்லை. கையை அடிக்கடி கழுவுகிறாள், தோல் உரியும்வரை. துப்புரவான பழக்கம்தானே. கூட்டையும் சில்வண்டுப் பெட்டியையும் நான் கீழே குப்பையில் போட்டுவிட்டேன். அறை மணப்பதில்லை.

வதனி ஞாயிறுகளில் வருவதை நிறுத்திவிட்டாள். சிஞ்ஞோராவுக்கு ஏலாமல் இருக்கிறதாம். அன்று கண்டதை மகளிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் அவள் பதில் சொல்ல வேண்டிவரும்.

நீங்கள் படிக்கட்டில் நின்று கேட்ட அந்த ஒரு வார்த்தையை என்னால் அவளிடம் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக இதை உங்களுக்கு எழுதித் தருகிறேன். நெஸ்போலாவைக் கொன்றது நான். எட்டு நாள், தெரிந்து, திட்டமிட்டு. பழியை என் மகள் மேல் போட்டதும் நான். கையெழுத்து வைக்கிறேன்.

நீங்கள் இதைச் சாரங்காவிடம் காட்டுவீர்கள். காட்டுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. அவள் ஆறுதலாக, ஒரு வரி விடாமல் வாசிப்பாள். பிறகு அழுவாள். என்னைக் காப்பாற்ற அப்பா பழியைத் தன் தலையில் போடுகிறார் என்று உங்களிடம் சொல்லிவிட்டு, ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்படித்தான் நான் அவளை வளர்த்திருக்கிறேன்.